மெடிக்கல் இன்சூரன்ஸ் கிளெய்மை மறுத்துவிட்டார்களா? பணத்தை வாங்கும் வழி

கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது என்று மெயில் வந்த அன்று கோபம் வராமல் இருக்காது. வருடா வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியிருப்பீர்கள். பில்லுக்காகக் கையிருப்பைக் கரைத்து, போதாததற்குக் கடனும் வாங்கியிருப்பீர்கள். அவர்கள் இரண்டே வரியில் கைவிரித்துவிடுகிறார்கள். அந்தக் கோபத்தோடு கஸ்டமர் கேரை அழைத்தால் நேரம்தான் போகும். போனை எடுப்பவருக்கு முடிவை மாற்றும் அதிகாரம் இல்லை, நீங்கள் பேசியதற்கு உங்கள் கையில் சாட்சியும் மிஞ்சாது.

கம்பெனி ஒரு குறிப்பிட்ட காரணத்தைச் சொல்லித்தான் மறுக்கிறது. அந்தக் காரணம் தவறு என்று காகிதத்தில் காட்டிவிட்டால், அதே கம்பெனியே முடிவை மாற்றிக்கொள்வதும் உண்டு. மாற்றாவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார், நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கேயும் கேட்கப்போவது அந்தக் காரணத்துக்கு உங்கள் பதில் என்ன என்பதைத்தான். இந்தியாவில் எடுத்த மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளுக்கு அந்தப் பதிலைத் தயார் செய்யும் முறை இது.

எந்த வகை மறுப்பு?

கேஷ்லெஸ் மறுப்பு வேறு, கிளெய்ம் மறுப்பு வேறு. நோயாளி அட்மிட் ஆனதும் மருத்துவமனை அனுப்பும் முன் அனுமதிக் கோரிக்கையை மறுத்தால், "இப்போதைக்கு நேரடியாகப் பணம் கட்ட மாட்டோம்" என்பதே அதன் பொருள். பில்லைக் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்டுக்கு விண்ணப்பிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. கேஷ்லெஸ் கிடைக்காததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து, பில்களைக்கூடப் பத்திரப்படுத்தாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கேஷ்லெஸ் கோரிக்கை மீது 1 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி அனுமதியை 3 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையில் உள்ள விதி. 3 மணி நேரத்துக்கு மேல் இழுத்து, அதனால் மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். எனவே கோரிக்கை போன நேரம், பதில் வந்த நேரம் இரண்டையும் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை, "கிளெய்ம் குளோஸ்டு". டிபிஏ (கம்பெனிக்காகக் காகித வேலை பார்க்கும் ஏஜென்சி) கேட்ட ஒரு காகிதம் குறித்த நாளுக்குள் போய்ச் சேரவில்லை என்று ஃபைலை மூடிவைத்திருப்பார்கள். இதற்குச் சண்டை தேவையில்லை. கேட்ட காகிதத்தை இணைத்து, ஃபைலை மறுபடி திறக்கச் சொல்லி எழுதினால் போதும்.

மூன்றாவது, பகுதித் தொகையை மட்டும் கொடுத்து மீதியை வெட்டுவது. நான்காவதுதான் முழு மறுப்பு. கடைசி இரண்டுக்கும் கீழே சொல்லும் வேலை முழுவதும் தேவைப்படும்.

மறுப்புக் கடிதம்

போனில் சொன்னார்கள், ஆப்பில் ரிஜெக்டட் என்று காட்டுகிறது என்றால் அதோடு நிற்காதீர்கள். பாலிசியின் எந்த விதியின் கீழ் மறுக்கிறோம் என்று குறிப்பிட்டு எழுத்தில் தர வேண்டியது கம்பெனியின் கடமை. அதே 2024 சுற்றறிக்கைப்படி, கம்பெனியின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தராமல் எந்த மருத்துவக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. டிபிஏ பார்ப்பது காகித வேலை மட்டும்தான். முடிவுக்குப் பொறுப்பு கம்பெனிதான். டிபிஏ பெயரில் மட்டும் கடிதம் வந்திருந்தால், கம்பெனியின் முடிவையும் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்த தேதியையும் கேட்டு மெயில் அனுப்புங்கள்.

கடிதம் கைக்கு வந்ததும் மூன்றைக் கண்டுபிடித்துக் கோடிடுங்கள். ஒன்று, விதி எண். எக்ஸ்குளூஷன் என்பது பணம் தர முடியாது என்று சொல்லும் விலக்கு விதி. "எக்ஸ்குளூஷன் 01" என்றால் முன்பே இருந்த நோய், 02 என்றால் குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்புக் காலம் (அது முடியும்வரை அந்த நோய்களுக்குப் பணம் கிடையாது), 03 என்றால் பாலிசி எடுத்த முதல் 30 நாளுக்குள் வந்த நோய், 04 என்றால் வெறும் பரிசோதனைக்காக அட்மிஷன், 12 என்றால் மது மற்றும் போதைப் பழக்கம். இந்த எண்கள் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவானவை. இரண்டாவது, எந்தக் காகிதத்தை ஆதாரமாகக் காட்டுகிறார்கள் என்பது. மூன்றாவது, கடிதத்தின் தேதி. பின்னால் வரும் காலக்கெடுக்களுக்கு அது வேண்டும்.

இந்தக் கடிதம் கம்பெனியையும் கட்டிப்போடுகிறது. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தை வழக்கு வந்த பிறகு கம்பெனி கிளப்ப முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் கடிதத்தில் உள்ள காரணத்துக்கு மட்டும் பதில் தேடுங்கள். கேட்காத கேள்விக்கெல்லாம் விளக்கம் எழுதி, நீங்களே புது வாசலைத் திறந்துவிடாதீர்கள்.

திரட்ட வேண்டிய காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும் மட்டும் போதாது. வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் உள்நோயாளிக் கேஸ் ஷீட்டில்தான். அட்மிஷன் அன்று டூட்டி டாக்டர் எழுதிய குறிப்பு, நர்ஸ் சார்ட், மருந்து சார்ட், ரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் மணிக்கொருமுறை எழுதிய தாள் என்று அது ஒரு கட்டு. கம்பெனியின் விசாரணை அதிகாரி அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்திருப்பார். நோயாளியின் குடும்பம் பெரும்பாலும் பார்த்தே இருக்காது. நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. 3 வருடம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது புரபோசல் ஃபார்ம். பாலிசி எடுக்கும்போது உடல்நலக் கேள்விகளுக்கு என்ன பதில் கொடுக்கப்பட்டது என்பது அதில்தான் இருக்கிறது. "மறைத்துவிட்டீர்கள்" என்று சொல்லும் கம்பெனியிடம், மறைத்ததாகச் சொல்லும் அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள். போனில் சரிபார்ப்பு நடந்திருந்தால் அந்தக் குரல் பதிவையும், பாலிசிக்கு முன் மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஏஜென்ட் தன் கையால் நிரப்பி உங்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கிய ஃபார்ம் என்றால், கேள்விகளை விண்ணப்பதாரருக்கு விளக்கிச் சொன்னதாக ஓர் உறுதிமொழி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதைக் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

மற்றவை: முழு பாலிசி வாசகம் (வெறும் ஒரு பக்கச் சான்றிதழ் அல்ல), முதல் பாலிசியிலிருந்து இன்றுவரை எல்லா வருடங்களின் ரின்யூவல் தாள்கள், வேறு கம்பெனியிலிருந்து மாற்றி வந்திருந்தால் அந்தப் பழைய பாலிசிகள், டிபிஏவுடன் நடந்த மெயில்கள், ஒப்புகைகள். ரின்யூவல் தாள்களைத் தேதி வரிசையில் வையுங்கள். காத்திருப்புக் காலத்தைக் கணக்குப் போட அவைதான் ஆதாரம். கம்பெனி மாறினாலும் முறைப்படி போர்ட் செய்திருந்தால் (அதாவது பழைய பாலிசியின் தொடர்ச்சியாகவே மாற்றியிருந்தால்) பழைய வருடங்கள் கணக்கில் சேரும்.

"நோயை மறைத்தீர்கள்" என்றால்

மிக அதிகமாகச் சண்டை நடப்பது இந்தக் காரணத்தில்தான். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

இந்தக் காரணம் பெரும்பாலும் பிறப்பது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில். நெஞ்சுவலி என்று இரவில் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். டூட்டி டாக்டர் கூட வந்தவரிடம், "சுகர், பிரஷர் இருக்கா? எத்தனை வருஷமா?" என்று கேட்கிறார். பதற்றத்தில் இருக்கும் மகனோ மருமகளோ, "ஆமா டாக்டர், அஞ்சாறு வருஷமா இருக்கும்" என்கிறார்கள். "சர்க்கரை நோய் 6 வருடம்" என்று எழுதப்படுகிறது. பாலிசி எடுத்தோ 4 வருடம்தான் ஆகியிருக்கும். உண்மையில் நோய் தெரியவந்தது 3 வருடத்துக்கு முன்பாக இருக்கலாம். ஆனால் கிளெய்ம் அந்த ஒரு வரியில் விழுந்துவிடுகிறது.

இதற்குப் பதில் தேதிகளில் இருக்கிறது. நோய் முதன்முதலில் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்கு நேரடி ஆதாரம் தேடுங்கள்: முதல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், முதல் மருந்துச் சீட்டு, அதற்கு முந்தைய வருடம் சர்க்கரை அளவு இயல்பாக இருந்ததைக் காட்டும் ஆபீஸ் ஹெல்த் செக்கப். பாலிசி தொடங்கிய பிறகு வந்த நோய், முன்பே இருந்த நோய் ஆகாது. 2024 விதிகளின்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட, அல்லது சிகிச்சையோ மருத்துவ ஆலோசனையோ பெற்ற நோய்தான் அந்த வரையறைக்குள் வரும். பழைய பாலிசி என்றால் அதில் அச்சிட்டிருக்கும் வரையறையையும் படித்துவிடுங்கள்.

பிறகு சிகிச்சை தந்த டாக்டரிடம் ஒரு விளக்கக் கடிதம் வாங்குங்கள். "நோயின் காலம் உறவினர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்துக் குறிக்கப்பட்டது, அதற்கு மருத்துவ ஆவணம் எதுவும் பார்க்கப்படவில்லை, இந்த ரிப்போர்ட்டின்படி நோய் கண்டறியப்பட்ட தேதி இது" என்று அதில் இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டையே திருத்தி எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். கம்பெனியிடம் பழைய நகல் ஏற்கெனவே இருக்கும். இரண்டும் வேறாக இருந்தால் நியாயமான கிளெய்ம்கூட மோசடிக் கேஸாகிவிடும்.

அடுத்து, 60 மாதக் கணக்கு. பாலிசி இடைவெளி இல்லாமல் 60 மாதங்கள் ஓடியிருந்தால், நோயைச் சொல்லவில்லை, தவறாகச் சொன்னீர்கள் என்ற காரணத்தால் கிளெய்மை மறுக்க முடியாது; மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். முன்பு 8 வருடமாக இருந்த இந்தக் கெடு 2024இல் 5 வருடமாகக் குறைந்தது. இடையில் காப்பீட்டுத் தொகையை 3 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தியிருந்தால், கூடுதல் 7 லட்சத்துக்கு உயர்த்திய தேதியிலிருந்து தனிக் கணக்கு. அப்போதும் முதல் 3 லட்சத்துக்கான உரிமை போகாது.

நோயைச் சொல்லித்தான் பாலிசி எடுத்தீர்கள் என்றால், கேள்வி காத்திருப்புக் காலம் மட்டுமே. இப்போதைய விதிப்படி அது அதிகபட்சம் 36 மாதம். ரின்யூவல் தாள்களை வைத்து மாதங்களை எண்ணிப் பாருங்கள். போர்ட் செய்து வந்தவர்களின் பழைய வருடங்களைச் சேர்க்காமல் கணக்குப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

உண்மையிலேயே நோய் இருந்து, மாத்திரையும் எடுத்துக்கொண்டு, ஃபார்மில் "இல்லை" என்று எழுதியிருந்தால், 60 மாதமும் முடியவில்லை என்றால், ஜெயிப்பது கடினம். முக்கியமான உடல்நலத் தகவலை மறைத்த வழக்குகளில் நீதிமன்றங்கள் கம்பெனி பக்கம் நின்றிருக்கின்றன. அந்த நிலையில் இருப்பவர்கள் போலி ரிப்போர்ட் தயார் செய்வதில் இறங்க வேண்டாம்.

"வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம்" என்றால்

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல் என்று இரண்டு மூன்று நாள் அட்மிட் ஆன கிளெய்ம்களில் வரும் காரணம் இது. "பரிசோதனைக்காக மட்டும் அட்மிஷன்" அல்லது "மருத்துவ ரீதியாக அவசியமில்லை" என்று எழுதியிருப்பார்கள். எக்ஸ்குளூஷன் 04 தடுப்பது முதன்மையாகப் பரிசோதனைக்காகவே சேர்ந்த அட்மிஷனை. சிகிச்சையும் நடந்து, அதோடு பரிசோதனையும் நடந்திருந்தால் அது பொருந்தாது.

இங்கே நர்ஸ் சார்ட்டுதான் உங்கள் ஆயுதம். டெங்கு என்று வைத்துக்கொள்வோம். "காய்ச்சலால் மிகவும் சோர்ந்திருந்தார்" என்று எழுதுவதால் பலனில்லை. "அட்மிஷனின்போது ரத்த அழுத்தம் 90/60, பிளேட்லெட் 48,000, தொடர் வாந்தியால் வாய்வழி மருந்து தங்கவில்லை, நரம்பு வழியாகத் திரவம் 2 நாள், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு" என்று கேஸ் ஷீட்டின் பக்க எண்ணோடு எழுதுங்கள். வெளிநோயாளியாக ஏன் சமாளிக்க முடியாது என்று டாக்டர் நான்கு வரி எழுதித் தந்தால் வலு இரட்டிப்பாகும். சிகிச்சையில் ஊசி மருந்தே இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் கேஸ் பலவீனம்தான். அப்போது கண்காணிப்பு ஏன் தேவைப்பட்டது என்ற டாக்டரின் விளக்கம் இல்லாமல் போகாதீர்கள்.

மற்ற காரணங்கள்

தாமதமாகத் தகவல் கொடுத்தீர்கள் என்பது காரணமாக இருந்தால், 2011 செப்டம்பர் 20 தேதியிட்ட ஐஆர்டிஏ சுற்றறிக்கையைக் குறிப்பிடுங்கள். நியாயமான கிளெய்மைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்கிறது அது. தாமதம் ஏன் ஆனது என்பதற்கு ஒரு வரிக் காரணமும் ஆதாரமும் சேர்த்துவிடுங்கள்.

24 மணி நேரம் தங்கவில்லை என்றால், சிகிச்சை டே கேர் (ஒரே நாளில் முடிந்துவிடும் சிகிச்சைகள்) பட்டியலில் இருக்கிறதா என்று பாலிசியில் தேடுங்கள். கண்புரை அறுவை, டயாலிசிஸ், கீமோதெரபி போன்றவற்றுக்கு அந்த 24 மணி நேரம் பொருந்தாது.

மது காரணம் என்றால், ரத்தத்தில் மது அளவு பரிசோதனை செய்யப்பட்டதா, நோய்க்கு மது காரணம் என்று டாக்டர் எங்காவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். "எப்போதாவது குடிப்பார்" என்ற குறிப்பு மட்டும் இருந்தால், நோய்க்கும் அதற்கும் தொடர்பை நிறுவ வேண்டியது கம்பெனிதான். விலக்கு விதி பொருந்துகிறது என்று நிரூபிக்கும் சுமை அதைச் சொல்கிறவர் மீதே.

பில்லில் வெட்டிய தொகை

முழு மறுப்பைவிட இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஓரளவு பணம் வந்துவிட்டதே என்று கணக்கைச் சரிபார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அறை வாடகை வரம்பு உள்ள பாலிசியில் வரம்புக்கு மேற்பட்ட அறையை எடுத்தால், அறை வாடகை மட்டுமல்லாமல் டாக்டர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். ஆனால் ஐஆர்டிஏஐ 2020இல் போட்ட விதிப்படி, மருந்து மற்றும் நுகர்பொருள், இம்பிளான்ட் (உடலுக்குள் பொருத்தும் கருவி), பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதக் குறைப்பு கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறைக்கு ஏற்ப மற்ற கட்டணங்களை மாற்றாத மருத்துவமனை என்றால் விகிதக் குறைப்பே கூடாது.

ஒரு கணக்கு. நாள் வரம்பு ரூ.5,000, எடுத்த அறை ரூ.8,000, தங்கியது 4 நாள். பில்லில் அறை ரூ.32,000; டாக்டர், தியேட்டர், நர்சிங் ரூ.1,20,000; மருந்து ரூ.60,000, பரிசோதனை ரூ.25,000, இம்பிளான்ட் ரூ.40,000. மொத்தம் ரூ.2,77,000. வரம்பு 5,000ஐ அறை வாடகை 8,000ஆல் வகுத்தால் விகிதம் 62.5 சதவீதம். சரியாகக் கணக்குப் போட்டால் அறைக்கு ரூ.20,000, டாக்டர் தொகுப்புக்கு ரூ.75,000, மீதி மூன்றுக்கும் முழுதாக ரூ.1,25,000, ஆக ரூ.2,20,000 வர வேண்டும். மொத்த பில்லையும் 62.5 சதவீதத்தால் பெருக்கினால் ரூ.1,73,125தான் வரும். அந்தப் பிழையில் போவது ரூ.46,875. செட்டில்மென்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதே போல வரிவரியாகப் போட்டுப் பாருங்கள். கையுறை, மாஸ்க் போன்ற சில பொருட்களுக்குப் பல பாலிசிகளில் பணம் கிடையாது. அவற்றை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

குறைத்த தொகையைக் கொடுக்கும்போது "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்ற வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால், "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே கூடுதல் தொகை கேட்கும் உரிமை பறிபோகாது என்று 2015இல் ஒழுங்குமுறை ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

கம்பெனிக்கு எழுதும் கடிதம்

இதைக் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அவருடைய மெயில் முகவரி பாலிசித் தாளின் கடைசிப் பக்கங்களிலும் கம்பெனி இணையதளத்திலும் இருக்கும். கிளை அலுவலகத்துக்கோ ஏஜென்டுக்கோ அனுப்பியதை மட்டும் நம்பாதீர்கள். மெயிலில் ஒரு பிரதி, ஸ்பீட் போஸ்டில் ஒரு பிரதி. ஆங்கிலத்தில் அனுப்பினாலும் வரிசை இதுவாக இருக்கட்டும்:

"பொருள்: பாலிசி எண், கிளெய்ம் எண், தேதியிட்ட மறுப்புக் கடிதத்தை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

1. மேற்கண்ட கடிதத்தில் எக்ஸ்குளூஷன் 01ஐக் காட்டி ரூ.1,84,000க்கான கிளெய்ம் மறுக்கப்பட்டுள்ளது. காட்டப்பட்ட ஒரே ஆதாரம், கேஸ் ஷீட் பக்கம் 2இல் உள்ள 'சர்க்கரை நோய் 6 வருடம்' என்ற குறிப்பு.

2. அந்தக் குறிப்பு உறவினர் வாய்மொழியாகச் சொன்னது. சிகிச்சை அளித்த டாக்டரின் விளக்கம் இணைப்பு 1.

3. நோய் முதலில் கண்டறியப்பட்ட ரிப்போர்ட் இணைப்பு 2. அதற்கு முந்தைய ஆண்டின் இயல்பான ரிப்போர்ட் இணைப்பு 3. இரண்டும் பாலிசி தொடங்கிய தேதிக்குப் பிந்தையவை.

4. ஆகவே இது முன்பே இருந்த நோய் என்ற வரையறைக்குள் வராது. முழுத் தொகையையும், தாமதத்துக்கு விதிப்படியான வட்டியையும் வழங்கக் கோருகிறேன்.

5. நிராகரிப்புக்கு மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்த விவரம், விசாரணை அறிக்கை, என் புரபோசல் ஃபார்ம் ஆகியவற்றின் நகல்களைத் தரவும்."

ஒரு பக்கத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. எத்தனை வருடம் பிரீமியம் கட்டினோம், எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்பது உண்மைதான், ஆனால் படிக்கிறவர் தேடுவது இணைப்பு எண்களை. வட்டி பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். கிளெய்மைத் தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைவிட 2 சதவீதம் கூடுதலாக வட்டி தர வேண்டும் என்பது விதி.

கடிதம் போன கையோடு ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதிவு செய்யுங்கள். 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பதியலாம். ஆணையம் உங்கள் வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாது. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி, பதில் சொல்கிறதா என்று கண்காணிக்கும். கம்பெனி 14 நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். டோக்கன் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். கம்பெனியிடம் முறையிட்டதற்கு அது மறுக்க முடியாத சான்று.

ஆம்பட்ஸ்மேன்

கம்பெனி மறுபடியும் மறுத்தாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, 1 மாதமாகியும் பதிலே வராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதிலிருந்து 1 வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. நீங்களோ, வாரிசோ, நாமினியோதான் புகார் தர முடியும். கிளெய்மை வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று வரும் ஏஜென்சிகளுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் எழுதித் தருவதை மேலே சொன்ன வரிசையில் நீங்களே எழுதிவிடலாம். 2023 நவம்பரிலிருந்து ரூ.50 லட்சம் வரை வழங்க உத்தரவிடும் அதிகாரம் ஆம்பட்ஸ்மேனுக்கு உண்டு. தமிழ்நாடு, புதுச்சேரி நகரம், காரைக்கால் ஆகியவற்றுக்குச் சென்னை அலுவலகம். வெளிமாநிலத்தில் இருப்பவர்கள் தாங்கள் வசிக்கும் பகுதிக்குரிய அலுவலகத்தில் தரலாம். இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் கவுன்சிலின் இணையதளத்தில் ஆன்லைனாகவும் பதியலாம்.

நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ இதே விஷயம் நிலுவையில் இருந்தால் இங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே முதலில் ஆம்பட்ஸ்மேன், தேவைப்பட்டால் பிறகு ஆணையம் என்ற வரிசைதான் சரி.

புகார் பதிவானதும் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். கம்பெனி தன் தரப்பை ஒரு குறிப்பாகத் தாக்கல் செய்யும். எஸ்சிஎன் என்று அதைச் சொல்வார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்கி, மறுப்புக் கடிதத்தோடு ஒப்பிடுங்கள். புதுக் காரணம் முளைத்திருந்தால் விசாரணையில் முதல் வரியாக அதையே சொல்லுங்கள். விசாரணை நேரிலோ வீடியோ வழியாகவோ நடக்கும், நீண்ட நேரம் தர மாட்டார்கள். தேதி வரிசையில் ஒரு பக்கக் குறிப்பு, எண் போட்ட இணைப்புகள், கேஸ் ஷீட்டில் கோடிட்ட வரி ஆகியவை கையில் இருந்தால் போதும். கம்பெனியின் டாக்டர் மருத்துவச் சொற்களில் பேசினால் தடுமாற வேண்டாம். உங்கள் டாக்டரின் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள்.

கேட்ட ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும். அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்குச் சாதகமாக வந்தால் 30 நாளுக்குள் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.5,000 வீதம் புகார்தாரருக்கே தர வேண்டும் என்று 2024 சுற்றறிக்கை சொல்கிறது. 31ஆம் நாள் பணம் வராவிட்டால், தீர்ப்பு நகலையும் இந்த விதியையும் குறிப்பிட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்கும் கம்பெனிக்கும் ஒரே மெயிலில் எழுதுங்கள்.

நுகர்வோர் ஆணையம்

ஆம்பட்ஸ்மேனிடம் தோற்றாலும், தொகை 50 லட்சத்தைத் தாண்டினாலும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் வேண்டும் என்றாலும் இங்கே வரலாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கட்டிய பிரீமியத்தைப் பொறுத்தது, கிளெய்ம் தொகையைப் பொறுத்தது அல்ல. அது ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், எனவே ஏறக்குறைய எல்லா மருத்துவ பாலிசிகளும் அங்கேதான் வரும். ரூ.5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நுகர்வோர் ஆணையங்களின் ஆன்லைன் தளமான இ-ஜாக்ரிதி வழியாகவும் தாக்கல் செய்யலாம். நீங்களே வாதாட முடியும், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் மோசடிக் குற்றச்சாட்டு இருக்கும் வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்வதே நல்லது.

கெடு 2 வருடம், கிளெய்ம் மறுக்கப்பட்ட நாளிலிருந்து. கம்பெனிக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது. ஆம்பட்ஸ்மேன் தீர்ப்பு வரும் என்று காத்திருக்கும்போதும் இந்த நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். கெடு தாண்டிவிட்டால் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டித் தனி மனுப் போட வேண்டியிருக்கும், அதை ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் கையில். மனுவில் கிளெய்ம் தொகை, வட்டி, மன உளைச்சல் இழப்பீடு, வழக்குச் செலவு நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்.